பெத்லமும் ஏர்வாடியும்

அன்புள்ள ஐயா,

லண்டன் பெக்கன்ஹாமில் உள்ள பெத்லம் மனநல அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். கைவிலங்குகளையும் பூட்டுகளையும் பார்த்து என் பன்னிரண்டு வயது மகள் அழுதுவிட்டாள். "நல்லவேளை, அந்தக் காலமெல்லாம் போய்விட்டது" என்று சமாதானப்படுத்தினேன். குழந்தைகளை அங்கே அழைத்துப் போகலாமா? நுழைந்ததும் இருக்கும் இரண்டு சிலைகள் யார் செய்தவை?

ர.

அன்புள்ள ர.,

சிலைகள் 17ஆம் நூற்றாண்டில் சிபர் என்ற சிற்பி செதுக்கியவை. ஒன்று வெறி, இன்னொன்று துயரம். அது போகட்டும். குழந்தை அழுதாள் என்றால் அவள்தான் சரியாகப் பார்த்திருக்கிறாள். நீங்கள் சொன்ன சமாதானத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1814இல் பெத்லம் மனநல மருத்துவமனையில் ஜேம்ஸ் நோரிஸ் என்ற நோயாளியைக் கண்டார்கள். கழுத்தில் இரும்பு வளையம், அங்கிருந்து கம்பத்துக்குச் சங்கிலி. பத்தாண்டுக்கும் மேல் அப்படியே. வந்தவர்களிடம் அவர் தெளிவாக அரசியல் பேசினார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சரி, அது அந்தக் காலம்.

2001 ஆகஸ்ட் 6 எந்தக் காலம்? விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை பற்றி எரிந்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? உங்களுக்கு அப்போது விவரம் தெரிந்த வயதுதானே? மனநோயாளிகளுக்குச் சங்கிலி போடக் கூடாது என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கமே ஒழிந்துபோயிருந்தால் எதற்கு அப்படி ஒரு பிரிவு?

எங்கள் வீட்டில் சங்கிலி இல்லை, பூட்டு இருந்தது. தொழுவத்தை ஒட்டிய அறையில் பெரியப்பா இருந்தார். அம்மா கதவுக்கு அடியில் சோற்றுத் தட்டைத் தள்ளுவார். உரசி உரசி அந்த அலுமினியத் தட்டின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று கதவு தெரியாதபடி நெல்மூட்டைகளை அடுக்கினார்கள். பெரியப்பா அன்று சத்தமே போடவில்லை. தங்கைக்கு நல்லது நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை, அவருக்கு வேறு வழி யாரும் சொல்லித்தரவில்லை. எந்த அருங்காட்சியகத்திலும் அந்தத் தட்டு இருக்காது. அதனால்தான் உங்கள் மீது கோபம் வருகிறது.

மகளை மறுபடியும் அழைத்துப் போங்கள். பூனைகளாக வரைந்து தள்ளிய லூயி வெய்னும் பெத்லமில் இருந்தவர்தான், அவர் படங்களைக் காட்டுங்கள். ஏர்வாடியைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாரைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்களோ, அவரைப் பற்றியும் சொல்லுங்கள்.