மணல் ஈ, அட்லஸ் அந்துப்பூச்சி: மலைக்குப் போனால் எதற்குப் பயப்பட வேண்டும்?

அட்லஸ் அந்துப்பூச்சியைக் கண்டால் குழந்தைகள் அலறுகிறார்கள், மணல் ஈயை யாரும் கவனிப்பதே இல்லை, இரண்டில் எது ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். மணல் ஈதான். அந்துப்பூச்சி கடிக்கவே கடிக்காது. வளர்ந்த அட்லஸுக்குச் சாப்பிட வாயே கிடையாது.

வத்தலக்குண்டு வழியாகத் தாண்டிக்குடி ஏறினால் சித்தப்பா வீடு. அங்கே டியூப்லைட் பக்கத்துச் சுவரில் ஒரு அட்லஸ் உட்கார்ந்திருந்தது. விரித்த இறக்கை கிட்டத்தட்ட ஒரு சாண். செங்கல் நிறம், முன்னிறக்கை நுனியில் பாம்புத் தலை போன்ற வடிவம். ஒவ்வொரு இறக்கையிலும் நிறமே இல்லாத ஒரு முக்கோணம். அதன் வழியே சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. "அந்தத் தூள் பட்டா கண்ணு போயிரும், தள்ளி வா" என்று சித்தி கையைப் பிடித்து இழுத்தார். அது இறக்கையிலிருந்து உதிரும் வெறும் செதில்தான், கண்ணெல்லாம் போகாது. புழுவாக இருந்தபோது இலை தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும்.

மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். உடம்பெல்லாம் ரோமம், உட்காரும்போது இறக்கையை மேலே தூக்கி விரித்து வைத்திருக்கும். ரீங்காரம் கிடையாது, அதனால் கடித்த பிறகுதான் தெரியும். பெண் ஈதான் கடிக்கும். முட்டைக்கு ரத்தம் வேண்டும். கொசுவைப் போலத் தேங்கிய தண்ணீரைத் தேடாது. ஈர மண்ணும் சாணமும் போதும். மாட்டுக்கொட்டமும் மண்சுவர் விரிசலும் அதற்குப் பிடித்த இடங்கள்.

காலா அசார் எனும் கருங்காய்ச்சலைப் பரப்புவது இதுதான். அந்தக் கிருமியை 1903-ல் சென்னையில் நோயாளிகளிடம் கண்டவர்களில் ஒருவர் டாக்டர் சார்லஸ் டோனவன். அவருக்குப் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி என்றால் உயிர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மணல் ஈக் கடியால்தான் மனிதருக்கு அது பரவுகிறது என்பதை 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தார்கள்.

இன்று இந்தியாவில் இந்த நோய் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட் பக்கம்தான். அதனால் மதுரைப் பக்கம் ஒரு கடி பட்டதற்காகப் பதற வேண்டாம். நோய் உள்ள ஊருக்குப் போய்வந்து இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டால் மட்டும், போய்வந்ததைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். சாதாரணக் கொசுவலைக்குள் மணல் ஈ நுழைந்துவிடும், கண் சிறிய வலை வேண்டும். தாழத்தான் பறக்கும் என்பதால் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். ஃபேன் ஓடினால் இன்னும் நல்லது, காற்றை எதிர்த்துப் பறக்க அதற்குத் தெம்பு இல்லை.

அப்புறம், அந்துப்பூச்சி வந்தால் விரட்ட வேண்டாம், வாசல் லைட்டை அணைத்துவிடுங்கள். விடிய விடிய வெளிச்சத்தையே சுற்றினால் இருக்கிற தெம்பும் தீர்ந்துவிடும், அதை ஈடுகட்ட அதனால் ஒரு வாய் சாப்பிட முடியாது.