பெல் அடிச்சா யாரு என்ன செய்யணும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில எச்ஆர் பாத்துட்டு இருக்கேன். மூணு மாடி, 120 பேரு, பாதிக்கு மேல ஒடிசா, பீகார் பசங்க. அடுத்த மாசம் எங்ககிட்ட சரக்கு வாங்குற கம்பெனியோட (பையர்) ஆடிட் வருது, தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு எமர்ஜென்சி பிளான் எழுத்துல வேணும்ங்கறாங்க. கன்சல்டன்ட் ஒருத்தர் பெரிய ஃபைலா ஒண்ணு குடுத்தாரு, தொறந்து பாத்தா நடுவுல வேற கம்பெனி பேரு இருக்கு. பேரை மட்டும் மாத்தி வெச்சுக்கலாமுங்களா?

பதில்: மாத்தினா ஆடிட்டை ஒருவேளை தாண்டிடலாம், ஆனா அந்த ஃபைல்ல உங்க மாடிப்படி இல்லையே. 1948 ஃபேக்டரி சட்டத்தோட 38வது பிரிவு என்ன கேட்டுச்சுன்னா, தப்பிக்க வழி இருக்கணும், தீயை அணைக்க சாமான் இருக்கணும், அதோட அந்த வழி எல்லா தொழிலாளிக்கும் தெரிஞ்சிருக்கணும், என்ன செய்யணும்னு பழக்கியும் இருக்கணும். கடைசி ரெண்டும் பேப்பர்ல முடியற வேலை இல்ல. (2020ல பாஸான புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர்ல அமலுக்கு வந்தாச்சு, அதனால பிரிவு நம்பர் எல்லாம் தொழிலகப் பாதுகாப்பு சுகாதார இயக்கக ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டு எழுதிக்கங்க.)

ஃபைலை ஓரமா வெச்சுட்டு முதல்ல ஒரு நோட்டோட மூணு மாடியும் நடங்க. அயர்ன் டேபிள் எங்க, ஈபி பேனல் எங்க, செக்கிங்ல கறை எடுக்குற கெமிக்கல் எங்க வெக்கிறாங்க, டியூப்லைட் மேலயும் மோட்டார் மேலயும் பஞ்சு எவ்ளோ படிஞ்சிருக்கு, படிக்கட்டுல பண்டல் அடுக்கியிருக்கா, எல்லாத்தையும் எழுதுங்க. பிளான்ல பாதி அங்கயே வந்துடும்.

அடுத்தது ஆளுங்க. பெல் அடிக்கறது யாரு, மெயினை ஆஃப் பண்றது யாரு, பாய்லர், கம்ப்ரஸரை நிறுத்தறது யாரு, 101க்கோ 112க்கோ போன் போடறது யாரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, அவரு லீவுன்னா இன்னொரு பேரு, நைட் ஷிஃப்டுக்கு தனியா. எலக்ட்ரீஷியன் சாயங்காலமே வீட்டுக்குப் போயிடறாருன்னா அவரு பேரை நைட்டுக்குப் போட்டு என்ன பிரயோஜனம்?

நான் ரொம்ப அழுத்திச் சொல்றது ஒண்ணு: ஃப்ளோரை காலி பண்ண சூப்பர்வைசர் யாரையும் கேக்கத் தேவையில்லைன்னு ஓனர் கையெழுத்தோட எழுதி வாங்குங்க. 2012 நவம்பர் 24, டாக்கா பக்கத்துல தாஸ்ரீன் கார்மென்ட்ஸ்ல நடந்தது இதான். அலாரம் அடிச்சுது, ஒண்ணுமில்ல போய் வேலையைப் பாருங்கன்னு திருப்பி அனுப்பினாங்க, 110 பேருக்கு மேல செத்துப்போனாங்க. படிக்கட்டு இல்லாம இல்ல, இருந்த படிக்கட்டு எல்லாம் தீப்பிடிச்ச தரைத்தளத்துல தான் போய் இறங்குச்சு, துணியும் நூலும் அடுக்கி வெச்சிருந்தது அங்கதான். உங்க படிக்கட்டு எல்லாம் கீழ எங்க போய் முடியுதுன்னு இன்னைக்கே பாருங்க.

வெளிய வந்தப்புறம் தலை எண்ணணும். பயோமெட்ரிக்கை நம்பாதீங்க, மெயின் ஆஃப் ஆனா கம்ப்யூட்டரும் போச்சு. தினமும் காலைல ஆள் லிஸ்டை பிரின்ட் எடுத்து சூப்பர்வைசர் கையில குடுங்க, அதுல கான்ட்ராக்ட் ஆளு, லோடு ஏத்த வந்த டிரைவர் வரைக்கும் இருக்கணும். போர்டு தமிழோட இந்தி, ஒடியாவுலயும் வேணும், படிக்கத் தெரியாதவங்களுக்கு அம்புக்குறி போட்ட படம். காது கேக்காதவங்க, கர்ப்பிணிகள் இருந்தா ஆளுக்கு ஒரு துணை முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. முதலுதவிப் பெட்டி 150 பேருக்கு ஒண்ணுன்னு 1948 சட்டத்துல இருந்துச்சு, அந்தக் கணக்குக்கு உங்களுக்கு ஒண்ணு போதும், இருந்தாலும் மாடிக்கு ஒண்ணு வெச்சா குறைஞ்சா போயிடுவீங்க?

கேள்வி: பீஸ் திருடு போகுதுன்னு பின்வாசலை பூட்டச் சொல்லிட்டாரு ஓனர், சாவி செக்யூரிட்டி கிட்ட இருக்கு. இது போதுமா?

பதில்: போதாது. செக்யூரிட்டி டீ குடிக்கப் போனா சாவியும் கூடவே போயிடுமே. உள்ள ஆள் இருக்கற வரைக்கும் அந்தக் கதவு உள்பக்கத்துல இருந்து சாவி இல்லாம தொறக்கணும், வெளிப்பக்கமா தொறக்கணும், ரோலிங் ஷட்டர் எல்லாம் கணக்குல வராது. திருட்டுக்கு பயமா இருந்தா தள்ளினா தொறக்கற பார் போட்டு, தொறந்த உடனே கத்துற அலாரம் வெச்சு, ஒரு கேமராவும் மாட்டுங்க. நியூயார்க்ல 1911ல ட்ரையாங்கிள் சட்டை கம்பெனில 146 பேரு செத்தாங்களே, அங்கயும் ஒரு கதவு பூட்டித்தான் இருந்துச்சு.

கேள்வி: எங்க டைலருங்க பீஸ் ரேட்டுல இருக்காங்க, மாக் ட்ரில்னாலே மெஷினை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாங்க சார்.

பதில்: அவங்க காசு போகுதுல்ல, எப்படி எந்திரிப்பாங்க? ட்ரில் நேரத்துக்கு சராசரி கூலி போட்டுக் குடுங்க, பத்து நிமிஷத்துக்கு என்ன பெருசா ஆகிடப்போவுது. டீ டைமுக்கு கொஞ்சம் முன்னாடி வெச்சுக்கங்க, ஆனா டீ டைமை கடிக்காதீங்க. பக்கத்து தீயணைப்பு நிலையத்துல கேட்டா ஒத்திகை காட்ட வருவாங்க, அப்போ உங்க ஆளுங்க கையிலயே எக்ஸ்டிங்விஷரை (தீயணைக்கற சிலிண்டர்) குடுத்து பின்னை இழுக்க வையுங்க. ஈபி பேனலுக்கு சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர், துணிக்கு தண்ணி, பேனல் மேல தண்ணி ஊத்தவே கூடாது. கையில தூக்குற சிலிண்டர் ரொம்ப நேரம் வராதுன்னும் சொல்லிடுங்க, தீ அதுல அடங்கலைன்னா சிலிண்டரை அங்கயே போட்டுட்டு இறங்கிடணும்.

அப்புறம் ஒரு ட்ரில்லாவது நைட் ஷிஃப்ட்ல, கரண்ட்டை நிறுத்தி வெச்சு பண்ணிப் பாருங்க, எமர்ஜென்சி லைட்டு எத்தனை எரியுதுன்னு அப்பதான் தெரியும்.