சாரல் காலத்தில் பிள்ளைகளை முற்றத்தில் விடலாமா?

கேள்வி: கேரள எல்லையில், செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் வீட்டோடு சேர்த்துக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இரண்டு முதல் ஐந்து வயது வரை 12 பிள்ளைகள். பின்னால் முருங்கையும் கொய்யாவும் நிற்கிற மண் முற்றம் உண்டு. ஜூனில் சாரல் தொடங்கியதும், "வெளியே விடாதீங்க, சளி பிடிக்கும், பூச்சி கடிக்கும்" என்கிறார்கள் பெற்றோர். சீசன் முடிகிற வரை கதவைச் சாத்தியே வைப்பதா?

பதில்: சாத்தவே வேண்டாம். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஜன்னலை அடைத்துப் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் வைத்தால்தான் அது வேகமாகத் தொற்றும். நனைந்த துணியோடு மட்டும் விடாதீர்கள். ஆளுக்கு ஒரு மாற்றுடையும் துண்டும் பெற்றோரிடமே கேட்டு வாங்கி வையுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற சாரல் விட்டு விட்டுத்தானே விழும், அந்த இடைவெளிகள் போதும். மூன்று, நான்கு வயதுக்கு நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அறைக்குள் அதற்கு இடமேது?

பயப்பட வேண்டியவை வேறு. முதலில் வேலியைப் பாருங்கள். அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு இருந்தால் அகற்றுங்கள். குன்றிமணியை எண்ணிப் பழகக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் வாயில் போட்டுக்கொள்வார்கள். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள், அதையும் உங்கள் கண்முன்னே. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் ஏறும், ஆகவே செருப்பு கட்டாயம். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகழுவல். சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டுங்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். கேரளத்தில் பரவியிருக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கண்டால் யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். இடிச் சத்தம் கேட்டால் உடனே உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே.

இனி, பாடம். அதற்குச் சாரலைவிட நல்ல மாதங்கள் உங்களுக்குக் கிடைக்காது. ரயில்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூரான் தட்டையாக இருக்கும், விருட்டென்று ஓடும், கடிக்கும். ரயில்பூச்சி உருண்டையாக மெல்ல ஊரும், கடிக்காது. இந்த வித்தியாசத்தை முதலில் நீங்கள் பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஈர்க்குச்சியால் தொடச் சொல்லுங்கள். சட்டென்று சுருண்டு பொத்தான் மாதிரிக் கிடக்கும். அப்போது விளக்கம் சொல்லாதீர்கள், பிள்ளைகளோடு குத்தவைத்து உட்காருங்கள். ஒரு நிமிடமும் சும்மா இராத பிள்ளை, அது மறுபடி நிமிர்கிற வரை மூச்சடக்கிப் பார்த்திருப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். முதலில் மீசை நீளும், அப்புறம் கால்கள் அலை அலையாக அசையும். "அது ஏன் சுருண்டுச்சு?" என்று அவர்களே கேட்பார்கள். "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் ஊரில் இன்னொரு வரமும் உண்டு. ஒரு பிள்ளை மண்புழு என்னும், மலையாளம் பேசுகிற வீட்டுப் பிள்ளை மண்ணிர என்னும். இரண்டு பெயரையும் எல்லோரும் சொல்லட்டும்.

பெற்றோரிடம் வாதாட வேண்டாம். ஒரு சனிக்கிழமை கால் மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, முற்றத்தில் தங்கள் பிள்ளை பக்கத்தில் உட்கார வையுங்கள்.