மணலில் நான்கு வரிகள்

அன்புள்ள ஐயா,

கடற்கரையில் பாசியும் சருகும் சிப்பித் துண்டுகளுமாக நான்கு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. கடல் நாளுக்கு நாள் பின்வாங்குகிறது என்றார் உடன் வந்த நண்பர். அது சரியா? நீர் விட்டுச்செல்லும் தடத்தை எவ்வளவு நம்பலாம்?

ர.

அன்புள்ள ர.,

கடல் பின்வாங்கவில்லை. நீங்கள் போனது பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்த சில நாட்களில் இருக்கும். அந்த நாட்களை ஒட்டி நிலவின் இழுப்பும் சூரியனின் இழுப்பும் ஒன்றுசேர்வதால் ஓதம் மிக உயரே ஏறுகிறது. பிறகு ஏறக்குறைய ஒரு வாரம், ஏற்றம் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, நின்ற இடங்களில் வரி போட்டுவிட்டுத் திரும்புகிறது. மேல்வரியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பாசி கறுத்து, மொறுமொறுவென்று ஒடியும். கீழ்வரியில் அது இன்னும் ஈரமாக வழுக்கும். வயது வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும்.

மணல் தடத்துக்கு ஆயுள் சில நாட்கள்தான். கல்லில் பதிந்தது வேறு கதை. நான் வியந்து தீராதது இத்தாலியின் பொட்சுவோலியில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்கள். ரோமானியர் காலத்துச் சந்தைக் கட்டடத்தின் மிச்சம் அவை. அடியிலிருந்து சுமார் 12 அடி வரை வழவழப்பு. அதற்கு மேல் சுமார் 9 அடிக்குத் துளை துளையாக அரிப்பு. துளைத்தவை கல்லைக் குடைந்து கடல்நீரில் வாழும் சிப்பிகள். கீழ்ப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் தப்பியது. ஆக, தரையில் எழுப்பிய தூண்கள் கடலுக்குள் போய், விழாமல் மீண்டும் வெளியே வந்திருக்கின்றன. கடல் அவ்வளவு ஏறி இறங்கவில்லை. எரிமலைப் பகுதியான அந்த நிலம்தான் அமிழ்ந்து எழுந்தது. சார்ல்ஸ் லயல் 1830இல் வெளியிட்ட தம் நிலவியல் நூலின் முகப்புப் படமாக இந்தத் தூண்களையே வைத்தார்.

எனவே தடத்தை முழுக்க நம்பலாம். ஆனால் அது நீரும் நிலமும் சந்தித்த உயரத்தை மட்டுமே சொல்லும். இரண்டில் எது நகர்ந்தது என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 1982 முதல் 1984 வரை அதே ஊரில் நிலம் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்து, துறைமுகத்தில் ஆழம் குறைந்துபோனது. கரையில் நின்று பார்த்தவருக்கு, உங்கள் நண்பர் சொன்னதுபோலவே, கடல் விலகியதாகத்தான் தோன்றியிருக்கும்.

அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து நண்பரை அதே இடத்துக்கு அழைத்துப் போங்கள். கீழ்வரிகளை நீர் வாரிக்கொண்டு மேலே ஏற்றியிருக்கும்.