தண்டவாளம் தெரிகிறது, நிலையத்தைக் காணோம்

கேள்வி: கிளாம்பாக்கத்தில் விமான நிலையம் மாதிரி பேருந்து நிலையம் கட்டிக்கொடுத்த பிறகும் சென்னைக்காரர்கள் குறை சொல்வதை நிறுத்தவில்லையே! இவர்களை எப்படித்தான் திருப்திப்படுத்துவது?
- வாசகர், ஊரப்பாக்கம்

பதில்: கட்டடத்தை யாரும் குறை சொல்லவில்லை சார். 88 ஏக்கர், பளபளக்கும் தரை, எல்லாம் சரி. பொங்கல், தீபாவளி இரவுகளில் பெருங்களத்தூரிலிருந்து பழைய நிலையம் இருந்த கோயம்பேடு வரை ஊர்ந்தவர்களுக்கு நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோன நியாயமும் புரியும். வெளியே வந்து அடுத்த வண்டியைத் தேடும்போதுதான் வயிறு எரிகிறது.

திருநெல்வேலி பஸ்ஸில் வந்து அதிகாலை நாலு மணிக்கு இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் அரிசி மூட்டை, மறு கையில் தூக்கம் கலையாத பிள்ளை. சென்ட்ரல் பக்கம் போகவேண்டும் என்றால் இன்னும் 30 கிலோமீட்டர். வாசலில் போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் மின்சார ரயில் ஓடுகிற சத்தம் கேட்கும். ஆனால் 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து நிலையத்தைத் திறந்தபோது அங்கே ரயில் நிற்க நிலையம் கிடையாது. ஏற வேண்டுமென்றால் வண்டலூருக்கோ உங்கள் ஊரப்பாக்கத்துக்கோ போகவேண்டும். பேருந்து நிலையத்துக்கு 2019-லேயே அடிக்கல் நாட்டியாயிற்று. தண்டவாளமோ வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கேயே கிடக்கிறது. மாநகரப் பேருந்துகள் விட்டார்கள், மறுக்கவில்லை. மூட்டையோடு இன்னொரு பஸ் ஏறி இறங்குகிறவரிடம் அந்தச் சமாதானத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இதைவிட வேடிக்கை கோயம்பேட்டில் நடந்தது. 2002-ல் அங்கே பேருந்து நிலையம் வந்தது. மெட்ரோ ரயில் 2015-ல் அதன் வாசலுக்கே வந்து சேர்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் ரயில். சென்னையில் அபூர்வமாக ஒழுங்காய் அமைந்த இணைப்பு அது. எட்டு வருடம் கழித்து, தென்மாவட்டப் பேருந்துகளை மெட்ரோ எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நிலையங்களையும் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் என்கிற ஒரே சி.எம்.டி.ஏ.தான்!

பழைய மகாபலிபுரம் சாலை மட்டும் என்னவாம்? அங்கே டைடல் பார்க் என்கிற ஐ.டி. வளாகம் 2000-ல் திறந்தது. அப்புறம் சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டே போனார்கள். அந்த வழியில் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டியது 2020-ல். இருபது வருடம் கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஓடியது. பிறகு நடுச்சாலையைத் தோண்டித் தூண் எழுப்பினார்கள்.

சிங்கப்பூரில் 1971-ல் நிலத்திட்டம் போட்டபோதே ரயில் போகவேண்டிய பாதையையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள். ரயில் ஓடியது 1987-ல். வீட்டு வாரியக் குடியிருப்புகளை அந்தப் பாதையை ஒட்டி எழுப்பினார்கள். இன்று அங்கே தோ பாயோ என்கிற குடியிருப்புப் பகுதியில் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாற மழையில் நனைய வேண்டாம். 'அது குட்டித் தீவு, எல்லாம் அரசாங்க நிலம்' என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து வைக்க எவ்வளவு நிலம் வேண்டும்?

கட்டட அனுமதி ஒருவர் கையில், பஸ் இன்னொருவர் கையில், ரயில் டெல்லி கையில். இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் 'கும்டா' என்று ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-ல் சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2019-ல். முதல் கூட்டம் 2022-ல்! மேஜைக்கு நாற்காலி போடவே பன்னிரண்டு வருடம். அதற்குள் கிளாம்பாக்கத்தில் கூரையே போட்டுவிட்டார்கள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு கிளாம்பாக்கம் கூப்பிடு தூரம். இதே கேள்வியை வடகோடியில் இருக்கிற திருவொற்றியூரிலிருந்து யாராவது அனுப்புவார்களா என்று பார்க்கிறேன், இதுவரை ஒன்றும் வரவில்லை.