திருச்சபைகளின் அறிக்கைகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இஸ்ரேல்–பாலஸ்தீனப் பேச்சுவார்த்தையை முன்னெடுக்கச் சொல்லித் திருச்சபைகள் ஆட்சியாளர்களை நெருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சபைகள் அறிக்கை விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எந்த அதிபர் காதில் போட்டுக்கொண்டார்? இதற்கு நடுவே எங்கள் தெரு ஜெபவீட்டில் இஸ்ரேல் கொடி வேறு தொங்குகிறது. அரசியலை விட்டுவிட்டு ஜெபம் செய்தால் போதாதா?

ஜே. எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜே. எஸ்.,

அதிபர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது பாதிதான் சரி. 2017 டிசம்பரில், எருசலேமை இஸ்ரேலின் தலைநகராக டிரம்ப் அறிவிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த ஊரின் திருச்சபைத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். நகரத்தின் இப்போதைய நிலையை மாற்ற வேண்டாம், பகையும் துன்பமும்தான் பெருகும் என்றார்கள். டிசம்பர் 6 அன்று டிரம்ப் அறிவித்தே விட்டார். அடுத்த மே 14, எருசலேமில் அமெரிக்கத் தூதரகத் திறப்பு விழா. ஆரம்ப ஜெபம் செய்தவர் ராபர்ட் ஜெஃப்ரஸ், முடிவு ஜெபம் செய்தவர் ஜான் ஹேகி. இருவருமே அமெரிக்கப் போதகர்கள். இஸ்ரேலுக்கு ஆதரவு திரட்டவென்றே 2006இல் பெரிய அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர் ஹேகி.

ஆக, டிரம்ப் கிறிஸ்தவர்கள் பேச்சைக் கேட்டார். எந்தக் கிறிஸ்தவர்கள் என்பதுதான் விஷயம். ஹேகியின் பின்னால் ஓட்டு இருந்தது. எருசலேமின் கிரேக்கச் சபைத் தலைவரான முதுபெரும்தந்தைக்கு அமெரிக்காவில் எத்தனை ஓட்டு? உங்கள் தெருக் கொடியும் அந்தப் போதனையின் கிளைதான். வேதத்தில் கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த ஆசீர்வாதத்தை 1948இல் உருவான ஒரு அரசாங்கத்தின் கையில் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும் போதனை.

எருசலேம் சபைகள் ஒன்றுமே சாதித்ததில்லை என்றும் நினைக்காதீர்கள். 2018 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை, தவக்காலம். நட்டநடுப் பகலில், இயேசுவை அடக்கம் செய்த இடமாக நம்பப்படும் திருக்கல்லறை ஆலயத்தின் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவின் சாவி காலங்காலமாக ஒரு இஸ்லாமியக் குடும்பத்திடம் இருக்கிறது. திறந்து மூடுவது இன்னொரு இஸ்லாமியக் குடும்பம். உள்ளே உரிமை கொண்டாடும் சபைகள் ஒருவரை ஒருவர் நம்பாததால் வந்த ஏற்பாடு என்பார்கள். எப்போதும் முறைத்துக்கொள்ளும் கிரேக்கரும் ஆர்மீனியரும் பிரான்சிஸ்கன் துறவிகளும் அன்று ஒன்றாக வாசலில் நின்று அறிவித்தார்கள். சபைகளின் சொத்துகளுக்கு நகராட்சி வரி கேட்டதும், சபைகள் விற்ற நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்ட மசோதாவும் காரணம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த யாத்திரிகர்கள் பூட்டிய கதவின் முன் மண்டியிட்டார்கள். செவ்வாய்க்கிழமையே இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அலுவலகம் இரண்டையும் நிறுத்திவைத்தது. புதன் விடியற்காலையில் கதவு திறந்தது.

மூன்றே நாள்! சொத்து வரிக்காகக் கதவைச் சாத்தத் தெரிந்தவர்கள் மற்றதற்கெல்லாம் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்களே என்ற கோபம் எனக்கு உண்டு. சுற்றுலாப் பணமும் வெளிநாட்டுக் கேமராக்களும் சேர்ந்தால் அரசு எவ்வளவு சீக்கிரம் இறங்கி வரும் என்று அவர்களுக்கே தெரியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2012 அக்டோபரில் 15 திருச்சபைத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில் 'சமாதானம் வேண்டும்' என்பதோடு நிற்கவில்லை. இஸ்ரேலுக்குப் போகும் ராணுவ உதவி அமெரிக்கச் சட்டப்படி பயன்படுகிறதா என்று விசாரிக்கச் சொன்னார்கள். உடனே யூத அமைப்புகள் பல்சமய உரையாடலிலிருந்து வெளியேறின. அறிக்கை சுட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி? 2014இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை, ஆக்கிரமிப்புக்கு இஸ்ரேல் பயன்படுத்தும் கருவிகளை விற்பதாகச் சொல்லி, கேட்டர்பில்லர், ஹெச்.பி., மோட்டரோலா சொல்யூஷன்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளிலிருந்து தன் முதலீட்டை எடுக்க வாக்கெடுத்தது. 310க்கு 303. ஏழே ஓட்டு வித்தியாசம். சபைக்குள் எவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெபம் போதாதா என்று கேட்டீர்கள். ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2014 ஜூன் 8 அன்று வாடிகன் தோட்டத்தில் போப் பிரான்சிஸ், இஸ்ரேலின் ஷிமோன் பெரஸ், பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் மூவரும் அவரவர் முறைப்படி ஜெபித்து, ஒலிவ மரக்கன்றும் நட்டார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 8, காஸாவில் போர். பெரஸ் அப்போது அதிகாரமில்லாத குடியரசுத் தலைவர், பதவிக்காலமும் முடியப்போகிறது. முடிவெடுக்க வேண்டிய நெதன்யாகு அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை.

பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களே 2009 டிசம்பரில் பெத்லகேமில் 'கெய்ரோஸ் பாலஸ்தீனம்' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். அதில் ஆட்சியாளர்களைவிட உலகச் சபைகளிடம்தான் அதிகம் பேசுகிறார்கள். இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்கு வேதத்தைத் துணைக்கு இழுக்காதீர்கள், நேரில் வந்து எங்கள் நிலைமையைப் பாருங்கள் என்கிறார்கள்.

இது நமக்கும் பொருந்தும். எருசலேம் போக நம் மாநில அரசே மானியம் தருகிறது, வேன் வேனாக நம் ஆட்கள் போகிறார்கள். பெத்லகேமை ஒட்டி, மேய்ப்பர்கள் வயல் இருக்கும் பெய்ட் சாஹூரிலும் இறங்குகிறார்கள். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர் அது. ஆக்கிரமிப்பு அரசுக்கு வரி கட்ட மாட்டோம் என்று மறுத்ததற்காக, 1989இல் இஸ்ரேல் ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து, வீட்டுச் சாமானையும் கடைச் சரக்கையும் அள்ளிக்கொண்டு போனது. நம் யாத்திரிகர்கள் ஒரு பாட்டுப் பாடி, போட்டோ எடுத்து, ஒலிவ மரச் சிலுவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். உங்கள் சபையிலிருந்து அடுத்த குழு கிளம்பும்போது, அந்த ஊர்ச் சபையாரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று ஆயரிடம் கேளுங்கள். அப்புறம் அந்த ஜெபவீட்டுப் பாஸ்டரையும் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்.