இரவில் வீட்டுக்குள் வரும் ஆரஞ்சு-கறுப்புப் பூச்சி எது? (பினாங்கு)

விளக்கைப் போட்டதும் சுவரில் ஊர்கிறதா? ஓர் அரிசி மணி நீளம்தான் இருக்கும். தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் கருநீலப் பட்டை, அப்புறம் மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. சரி, அதுதான் இங்கே 'செமுட் காயாப்', 'சார்லி' என்றெல்லாம் சொல்லப்படும் பூச்சி. 'செமுட்' என்றால் மலாயில் எறும்பு. பெயரில்தான் எறும்பு, உண்மையில் வண்டு. அந்தக் கருநீலப் பட்டை அதன் குட்டையான இறக்கை உறை.

வயல், ஈர மண்தான் அதன் வீடு. அறுவடையில் இடம் கலைந்தால் வெளிச்சத்தைத் தேடிப் பறந்து வரும். மாடிவீட்டுக்காரர்களும் தப்ப முடியாது.

அதன் உடல் நீரில் பெடரின் என்ற நச்சு உண்டு. நசுக்கினால் தோலில் படும். மறுநாள்தான் கோடு இழுத்தாற்போல் சிவந்து கொப்புளம் வரும். பூச்சி தானாகக் கடிப்பதில்லை. மிளகாயும் அப்படித்தானே? தேடி வந்து கடிப்பதில்லை. கிள்ளிய கையைக் கண்ணில் வைத்தால்தான் வினை.

மேலே ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதி விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணருகே பட்டால் மருத்துவரிடம் போவதே நல்லது.

'காயாப்' என்றால் அக்கி என்பதால், இந்தக் கொப்புளத்தையும் அக்கி என்றே பலர் நினைக்கிறார்கள். அக்கி கிருமியால் வருவது, இது நச்சுப் பட்ட புண்.